பாடசாலை மூடப்பட்டால் அத்தியாவசியப் பணியாளரின் பிள்ளைகள் எங்கே போவது?

கேள்வி: நாங்கள் லண்டனின் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மூன்றரை ஆண்டுகளாக, வேலை வழங்குநர் பொறுப்பேற்கும் ஸ்பொன்சர் விசாவில் வேலை செய்கிறேன். கணவர் பஸ் சாரதி. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு வயது. கூரை பாதுகாப்பாக இல்லையென்று கடந்த வாரம் பாடசாலையின் பெரும்பகுதியைத் திடீரென மூடிவிட்டார்கள். எத்தனை வாரங்களுக்கு என்று சொல்லவில்லை. சில பிள்ளைகளை மட்டும் எடுக்க முடியும் என்றும், பெற்றோரின் வேலைத்தலக் கடிதம் வேண்டும் என்றும் அறிவித்தார்கள். என் முகாமையாளர் கடிதம் தர மறுத்ததுடன், "நீங்கள் அத்தியாவசியப் பணியாளர், உங்களுக்கு லீவு இல்லை" என்றும் சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாட்களும் நான் வேலைக்குப் போகவில்லை. அதற்குச் சம்பளம் வெட்டி, ஒழுங்கு விசாரணைக் கடிதமும் அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பணம் கொடுத்தால் தன் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதாகச் சொல்கிறார். கணவரும் நானும் ஒரே இரவில் வேலை செய்யும் நாட்களில் மகளின் பொறுப்பில் மகனை விட்டுப் போகலாமா? வேலை போனால் விசாவும் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் முகாமையாளர் சொன்ன வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் பயம் முழுவதும் அதிலிருந்துதான் வருகிறது. அத்தியாவசியப் பணியாளர் என்பதால் விடுப்பு இல்லை என்று இங்கிலாந்தின் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தப் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் முன்னுரிமை வாங்கிக் கொடுப்பதற்காக வந்தது. உங்களிடமிருந்து ஓர் உரிமையைப் பறிப்பதற்காக வரவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டபோது, அரசாங்கம் முக்கிய பணியாளர்களின், அதாவது அத்தியாவசியப் பணியாளர்களின், பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அவர்களின் பிள்ளைகளுக்கும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய நிலையிலுள்ள பிள்ளைகளுக்கும் மட்டும் வகுப்பறையைத் திறந்து வைத்தது. சுகாதாரம், சமூகப் பராமரிப்பு, போக்குவரத்து, உணவு விநியோகம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. பெற்றோரில் ஒருவர் அத்தகைய பணியில் இருந்தாலே போதும் என்பதுதான் அன்றைய விதி. அந்த நாட்களில் என்னிடம் வந்த ஒரு தாதி, சீருடையோடும் கழுத்தில் அடையாள அட்டையோடும் பாடசாலை வாசலில் நின்று, கணவர் வீட்டில் இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப் போனதாகச் சொன்னார். கேட்கத் தேவையில்லாத கேள்வி அது. 2021 ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 8 வரை நீடித்த அடுத்த மூடலிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது.

பெருந்தொற்றுக் காலத்தோடு இந்த ஏற்பாடு முடிந்துவிட்டதென்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. 2023 ஆகஸ்ட் 31ஆம் திகதி, புதிய கல்வியாண்டு தொடங்கவிருந்த வேளையில், பலவீனமான இலகுவகைக் கொங்கிரீட் காரணமாக நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளின் கட்டடங்களை மூடச் சொன்னார்கள். அவசரகாலத் திட்டமிடலுக்கான கல்வித் திணைக்களத்தின் வழிகாட்டியும், எல்லாப் பிள்ளைகளையும் எடுக்க முடியாத நிலையில் யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும்போது முக்கிய பணியாளர்களின் பிள்ளைகளைக் குறிப்பிடுகிறது. ஆனால் அது வழிகாட்டி மட்டுமே. இடம் தந்தே ஆகவேண்டும் என்று பாடசாலையைக் கட்டாயப்படுத்தும் உரிமையை அது உங்களுக்குத் தரவில்லை. பாதுகாப்பான அறைகள் மூன்றுதான் என்றால் அந்த மூன்றுக்குள்தான் தலைமை ஆசிரியர் தீர்மானிக்க முடியும். ஆகவே "என் உரிமை" என்று எழுதுவதைவிட, இருவருமே முக்கிய பணிகளில் இருக்கிறீர்கள், இருவரின் பணிநேரமும் இன்னின்ன நாட்களில் மோதுகிறது, வீட்டில் வேறு பெரியவர் இல்லை என்று ரோட்டாவின் (பணிநேர அட்டவணையின்) பிரதியோடு எழுதுவதே பலன் தரும். முகாமையாளர் கடிதம் தராவிட்டால் சம்பளச் சீட்டும் பணி ஒப்பந்தமும் அடையாள அட்டையின் படமும் அதே விடயத்தை நிறுவும் என்று சொல்லி அவற்றை இணைத்துவிடுங்கள். முழு வாரம் கிடைக்காவிட்டாலும் மோதும் நாட்களையாவது கேளுங்கள். அரச பாடசாலைக் கல்வி உங்கள் விசாவில் தடைசெய்யப்பட்ட பொது நிதிகளில் (அரச உதவிக் கொடுப்பனவுகளில்) சேராது என்பதால், இதைக் கேட்பதால் விசாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இடம் கிடைக்காத நாட்களில் பிள்ளைகள் பாடசாலைக்கு வரவில்லை என்று உங்கள்மேல் குற்றம் சுமத்தவும் முடியாது. அந்த நாட்களுக்கு இணையவழிப் பாடம் கேளுங்கள். ஆரம்பப் பாடசாலையின் மேல் வகுப்புகளில் உள்ள உங்கள் மகள் போன்ற பிள்ளைக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமும், மகன் போன்ற சிறியவருக்கு மூன்று மணி நேரமும் திணைக்களம் எதிர்பார்க்கும் அளவு.

இனி அந்த இரண்டு நாட்கள். 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 57ஏ பிரிவு, தன்னைச் சார்ந்திருப்பவரின் பராமரிப்பு ஏற்பாடு எதிர்பாராதவிதமாகக் குலைந்தால் அதைச் சரிசெய்வதற்கு நியாயமான அளவு நேரம் வேலையிலிருந்து விலகியிருக்கும் உரிமையை ஊழியருக்கு வழங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. பாடசாலை திடீரென மூடப்படுவதைவிடத் தெளிவான உதாரணம் இதற்கு வேண்டியதில்லை. "எங்களுக்கு ஆள் பற்றாக்குறை" என்ற வாதமும் இங்கே எடுபடாது, ஏனெனில் எவ்வளவு நேரம் நியாயமானது என்று பார்க்கும்போது வேலை வழங்குநருக்கு ஏற்பட்ட இடைஞ்சலைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று வேலைவாய்ப்பு மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2003இலேயே சொல்லிவிட்டது. இந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரைத் தண்டிப்பதும் சட்டவிரோதம். வேலையிலிருந்து நீக்கினால், எத்தனை காலம் வேலை செய்தவர் என்று பாராமல், அது தானாகவே நியாயமற்ற பணிநீக்கமாகிவிடும். சம்பளம் வெட்டியதை மட்டும் எதிர்க்க முடியாது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் இது ஊதியமில்லாத விடுப்பு.

ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் எனக்கு அனுப்பிய படத்தில், அன்று காலை 6.40க்கு முகாமையாளருக்குப் போன குறுஞ்செய்தியில் "இன்று வர முடியாது, மன்னிக்கவும்" என்பது மட்டுமே இருக்கிறது. காரணம் இல்லை, எத்தனை நாள் என்பதும் இல்லை. இவ்விரண்டையும் முடிந்தளவு விரைவில் சொல்ல வேண்டும் என்பது அதே பிரிவின் நிபந்தனை. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "பாடசாலை எதிர்பாராமல் மூடப்பட்டுள்ளது, பிள்ளைகளைப் பார்க்க வேறு ஆள் இல்லை, ஏற்பாடு செய்வதற்கு இன்றும் நாளையும் தேவைப்படும்" என்று எழுதியிருந்தால் விசாரணைக் கடிதமே வந்திருக்காது என்று நினைக்கிறேன். அன்று மதியம் தொலைபேசியில் விளக்கியதாகச் சொல்கிறீர்கள். அந்த அழைப்பின் நேரம் உங்கள் தொலைபேசியில் பதிவாகியிருக்கும், அதை அழியாமல் வைத்திருங்கள். நடந்ததைத் திகதி, நேரத்தோடு எழுதி, பாடசாலையின் அறிவித்தலையும் இணைத்து, 57ஏ பிரிவைக் குறிப்பிட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அதே வேளை, வாரக்கணக்கான மூடலை இந்தப் பிரிவு தாங்காது. ஏற்பாடு செய்வதற்கான நேரமே அது, வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பார்ப்பதற்கான விடுப்பு அல்ல. பெரும்பாலும் ஓரிரு நாட்களோடு முடியும், தவிர உங்கள் கணவருக்கும் இதே உரிமை இருப்பதால் ஏன் அவர் எடுக்கவில்லை என்ற கேள்வியும் வரும். அதற்கு மேல் வேண்டியது பெற்றோர் விடுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினெட்டு வயதாகும் வரை மொத்தம் 18 வாரங்கள், ஆண்டுக்குப் பிள்ளைக்கு 4 வாரங்கள் வரை, வழக்கமாக முழு வாரங்களாக எடுக்கலாம். 21 நாள் முன்னறிவித்தல் தேவை, ஆகவே கடிதத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்; வேலை வழங்குநர் சம்மதித்தால் முன்னரும் தொடங்கலாம். கணவருக்கு அவருடைய கணக்கில் தனியாக அத்தனையும் உண்டு.

விசா விடயத்தில் ஒரு சொல் மிக முக்கியம். ஸ்பொன்சர் செய்யப்பட்டவர் ஓர் ஆண்டில் ஊதியமில்லாமல் மொத்தம் நான்கு வாரங்களுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால் வேலை வழங்குநர் ஸ்பொன்சரை நிறுத்த வேண்டிய நிலை வரும். ஆனால் சட்டப்படியான பெற்றோர் விடுப்பு அந்தக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. ஆகவே விண்ணப்பத்தில் "ஊதியமில்லா விடுப்பு" என்று எழுதாமல் "சட்டப்படியான பெற்றோர் விடுப்பு" என்றே எழுதுங்கள், ரோட்டாவிலும் சம்பளச் சீட்டிலும் அப்படியே பதியச் சொல்லுங்கள். வேலை போனால் மறுநாளே நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்பது உண்மையல்ல. உள்துறை அமைச்சு விசாவைச் சுருக்கும்போது வழக்கமாக 60 நாள் அவகாசம் தருகிறது. அந்தப் பயத்தை வைத்து உங்களை எதிலும் கையெழுத்திட வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் விடயத்தில் நிதானம் தேவை. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், பணம் வாங்கிப் பார்ப்பவர் பொதுவாக, சிறுவர் பராமரிப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஓஃப்ஸ்டெட்டில் அல்லது அதற்கான முகவர் நிறுவனத்தில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு ஆறு வயது என்பதால் பதியாமல் செய்தால் சிக்கல் அவருக்குத்தான் வரும். அவர் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் பதிவு தேவையில்லை. பணமில்லாத நட்பு உதவிக்கும் தேவையில்லை. அவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள்.

மகளிடம் மகனை விட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எத்தனை வயதில் தனியே விடலாம் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லைதான். ஆனால் பிள்ளைகள் ஆபத்துக்குள்ளாகும் விதத்தில் விட்டுச் செல்வது 1933ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளையோர் சட்டப்படி குற்றம், ஒன்பது வயதுப் பிள்ளையின் பொறுப்பில் ஓர் இரவை விடுவதை எந்தப் பொலிஸ் அதிகாரியும் சமூக சேவையாளரும் சாதாரணமாக எடுக்கமாட்டார். ஓர் இரவு வேலையைத் தவறவிட்டால் அதைச் சட்டத்தால் பாதுகாக்கலாம், இதை என்னால் பாதுகாக்க முடியாது. அந்த இரவுகளைப் பகல் வேலையாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பிள்ளைப் பராமரிப்புச் சுமை பெண்கள்மேல் கூடுதலாக விழுகிறது என்பதைத் தீர்ப்பாயங்கள் தனியாக நிரூபிக்கச் சொல்லாமலே ஏற்கவேண்டும் என்று, ஒரு சமூகத் தாதியின் வழக்கில் 2021இல் தீர்ப்பளிக்கப்பட்டது. இல்லத்தை நடத்துவதற்கு அவசியம் என்று அவர்கள் நியாயம் காட்டினால் மறுக்க முடியும் என்றாலும், காரணமே சொல்லாமல் மறுப்பது மறைமுகப் பாலினப் பாகுபாடாக மாறக்கூடும்.

ஒழுங்கு விசாரணைக்குத் தனியே போகாதீர்கள். தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரையோ சக ஊழியர் ஒருவரையோ துணைக்கு அழைத்துச் செல்வது உங்கள் உரிமை. எச்சரிக்கை கொடுத்தாலோ வேலையிலிருந்து நீக்கினாலோ, அந்தத் திகதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள், தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன்னதாக வேலைத்தகராறுகளைத் தீர்க்க உதவும் ஏக்காஸ் அமைப்பில் சமரச முயற்சியைத் தொடங்கிவிட வேண்டும். இல்லத்தின் உள்முறையீட்டு முடிவுக்காகக் காத்திருந்து இந்தக் காலத்தைத் தவறவிட்டவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆகவே அந்தத் திகதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குத் திகதி வந்ததும், அனுப்பிய மின்னஞ்சலின் பிரதியுடன் எனக்கு எழுதுங்கள்.