வாசகர் கேள்விகள்: நடக்கும் வழியைப் புலன்களால் வரைவது

நாம் தினமும் நடக்கும் வழியைக் கண்ணால் மட்டுமன்றித் தோலாலும் மூக்காலும் காதாலும் கவனித்து ஒரு வரைபடமாக்கிப் பாருங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலை ஊர்களிலிருந்து வந்தவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: மேல் குன்னூரிலிருந்து கீழே மார்க்கெட்டுக்கு இறங்கும் வழியை வரைந்தால், தாளில் அது ஏதோ சமவெளித் தெருவைப் போலவே வருகிறது. என் முழங்காலுக்குத் தெரிந்த வழி தாளில் வர மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
— வாசகி, குன்னூர்

பதில்: நீங்கள் வானத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். மேலிருந்து பார்த்தால் படிக்கட்டும் ஒரு கோடுதான், சமமான சாலையும் ஒரு கோடுதான். இதை உங்கள் கையின் குறையாக எண்ண வேண்டாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்களில், ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுவதால், காய்கறிப் பையோடு ஏறுபவரை மூச்சு வாங்க வைக்கும் 15 மீட்டர் ஏற்றம் இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடின்றி மறைந்துவிடக்கூடும். மலை ஊரின் வழிக்கு மேற்பார்வைப் படத்தைவிடப் பக்கவாட்டுத் தோற்றமே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. தாளை அகலவாக்கில் வைத்து, இடப்பக்க மேல் மூலையில் வீட்டு வாசலையும் வலப்பக்கக் கீழ் மூலையில் மார்க்கெட்டையும் குறித்துக்கொண்டு, வழி எங்கே சரிகிறது, எங்கே படியாகிறது, எங்கே சற்றுச் சமமாகி நின்று இளைப்பாற இடம் தருகிறது என்பதை ஒரே கோடாக இழுங்கள்.

தூரத்தைக் காலடிகளால் அளக்கலாம். நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் 100 மீட்டர் நடந்தால், தட்டையான வரைபடத்தில் அது 97 மீட்டராகும். ஆகவே சரிவினால் வரும் பிழை சிறிதே. ஏற்றத்தில் காலடி குறுகிவிடுவதுதான் கணக்கைக் கெடுக்கும் என்பதால், சமதளத்துக்கும் ஏற்றத்துக்கும் தனித்தனியே உங்கள் காலடியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் புலன்களுக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவால் வகைப்படுத்தும் இடத்தில், உற்றறிதலை, அதாவது தொட்டு உணர்வதை, முதலில் வைத்து, நா, மூக்கு, கண், செவி என்று வரிசைப்படுத்துகிறது. வரைபவர்களுக்காகச் சொன்னதன்று எனினும், கண்ணுக்கு நான்காம் இடம் தரும் அந்த வரிசை நமக்கு நன்றாகவே உதவும். எனவே முதல் முறை இறங்கும்போது தொடுவதை மட்டும் குறியுங்கள். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி வெயில் படும் இடத்தில் காய்ந்திருக்கும். மதிலின் நிழலுக்குள் நுழைந்ததும் நீர் கோத்துச் சில்லென்றிருக்கும். அதற்கும் கீழே, பலர் பிடித்துப் பிடித்துப் பெயின்ட் தேய்ந்த இடத்தில் வழவழப்பாக இருக்கும். ஈரம் எந்தப் படியில் தொடங்குகிறது என்று குறித்தால், அந்த நேரத்தில் வெயில் எதுவரை எட்டியிருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். பெயின்ட் தேய்ந்த இடம், வயதானவர்கள் எங்கே நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லும்.

மணத்தைப் பொறுத்தவரை, அது பிறக்கும் இடத்தை விட்டுவிட்டு, உங்களை வந்து எட்டும் இடத்தையும் விட்டுப் பிரியும் இடத்தையும் குறியுங்கள். வர்க்கி சுடும் அடுப்பு எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். அதன் மணம் எந்தத் திருப்பத்தில் வருகிறது, பஸ் ஸ்டாண்டின் டீசல் புகை எங்கே அதை விழுங்குகிறது என்பது நடப்பவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் மணியையும் மாதத்தையும் எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் நனைவதுபோல் குன்னூர் நனைவதில்லை. உங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மே மாதத்துப் படமும் நவம்பர் மாதத்துப் படமும் ஒரே வழியைக் காட்டினாலும் ஒன்றாக இருக்க மாட்டா.

கேள்வி: ஏரிச் சாலையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, அறைக்கு வந்து நிதானமாக வரையலாம் அல்லவா? குளிரில் நின்றுகொண்டுதான் வரைய வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: 1899-இல் நிறுவப்பட்ட உங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகம், நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவந்திருக்கிறது. அப்படியிருந்தும், அட்சதீர்க்கக் கட்டம் போட்ட வட்டங்களில் கரும்புள்ளிகள், ஒளித்திட்டுகள், இழைகள், விளிம்பில் எழும் சுடர்கள் ஆகியவற்றை வெவ்வேறு நிறங்களில் கையால் குறித்த சூரிய வரைபடங்களையும் அங்கே பல பத்தாண்டுகள் தயாரித்தார்கள். புகைப்படத்தில் ஒரு திட்டின் விளிம்பு மங்கலாக இருந்தால் மங்கலாகவே விட்டுவிடலாம். வரைபவரோ அது எங்கே முடிகிறது என்று முடிவு செய்தாக வேண்டும். நீங்கள் கேட்ட வேலையும் அத்தகையதே. மேலும், படத்தில் மூடுபனி ஒரு வெள்ளைப் பரப்பாக மட்டுமே விழும். அந்தப் பனிக்குள்ளிருந்து கேட்ட குதிரைக் குளம்பொலியும் வேகவைத்த சோளத்தின் மணமும் அதில் விழா.

1863-இல் உருவாக்கப்பட்ட அந்த ஏரிக்கு நட்சத்திர வடிவம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளமுள்ள கரைச் சாலையில் நடப்பவர் கண்ணுக்கு அந்த வடிவம் அகப்படுவதே இல்லை. ஒரு கையைக் கடந்தால்தான் அடுத்த கை தெரியும். ஆகவே நட்சத்திரத்தை மறந்துவிட்டு வளைவு வளைவாகத் தனித்தனித் துண்டுத் தாள்களில் வரைந்து, பிறகு ஒட்டிப் பாருங்கள். குளிருக்குக் கையுறை போட்டுக்கொள்ளலாம். விரல் நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு பள்ளியைச் சுற்றியுள்ள ஓசைகளையும் மணங்களையும் வரைபடமாக்க நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரியாதவற்றை எப்படி வரையச் சொல்வது?
— ஆசிரியை, கோத்தகிரி

பதில்: ஓசைச் சூழலை ஆராய்ந்த கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். முர்ரே ஷேஃபர் செய்த ஒரு பாகுபாடு பிள்ளைகளுக்கும் எளிதில் விளங்கும். எப்போதும் பின்னணியில் இருப்பதால் யாரும் கவனிக்காத ஓசை ஒரு வகை. நம்மைக் கூப்பிடும் அல்லது எச்சரிக்கும் ஓசை இன்னொரு வகை. அந்த ஊருக்கே உரிய ஓசை மூன்றாவது வகை. உங்கள் பக்கத்தில், கொழுந்தை வாட்டும் தொழிற்சாலை விசிறிகளின் இரைச்சல் முதல் வகை. வளைவில் பஸ் அடிக்கும் ஹாரன் இரண்டாவது. மூன்றாவதைக் குன்னூர்ப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள்: கல்லாற்றிலிருந்து, எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பற்சட்டத் தடத்தில் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி எஞ்சினின் ஊதல். கோத்தகிரிக்கு அது எது என்பதை உங்கள் வகுப்பே விவாதித்து முடிவு செய்யட்டும். நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம்.

மணத்துக்கு முதலில் காற்றின் திசையை அம்புக்குறியாகப் போட வேண்டும். மலையில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏறியபின் சூடான சரிவையொட்டிக் காற்று மேல்நோக்கி எழும். இரவிலோ குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். ஆகவே விடியற்காலையில் கீழே இருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போகும் தேயிலை மணம், நண்பகலில் மேட்டிலிருக்கும் பள்ளிக்கு ஏறிவரக்கூடும். உதகையில் தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் முதலில் உறைபனி விழுவதும் குளிர்காற்று அங்கே தேங்குவதால்தான். அந்நேரத்தில் தரையையொட்டிய குளிர்காற்றின் மேல் சூடான காற்று படிந்திருப்பதால் ஓசை மேலே தப்பிப்போகாமல் கீழ்நோக்கி வளைகிறது. எதிர்மலையில் நாய் குரைப்பது பக்கத்து வீட்டில் குரைப்பதுபோல் கேட்பதற்கு இது ஒரு காரணம். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று இரண்டு படங்கள் வரையச் செய்தால், இவ்வளவையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

ஒரு குழுவுக்கு ஒரு புலன் என்று பிரித்துக்கொடுத்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு தெருப்படத்தின் மேல் ட்ரேசிங் தாளை விரித்து வரையச் சொல்லுங்கள். உரத்த ஓசைக்குத் தடித்த கோடு, மெல்லியதற்கு மெலிந்த கோடு என்பது போதும். சிறிய காது, மூக்குப் படங்களை ஒட்டும் வழக்கம் அழகாக இருக்குமே தவிர எதையும் சொல்லாது.

கேள்வி: மூடுபனியில் தாள் நமுத்து, மை பரவிவிடுகிறது. எதைப் பயன்படுத்தலாம்?
— வாசகர், உதகை

பதில்: 2பி பென்சில். ஈரக் காற்றில் மைப்பேனா இழை இழையாகப் பரவும். நீர்வண்ணம் காயவே காயாது. தடித்த தாளை அட்டையில் கிளிப் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். நிறத்தை வீட்டில் வந்து சேர்க்கலாம், ஆனால் எந்த நிறம் என்பதை அங்கேயே எழுத்தால் குறித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து வரையத் தடையில்லையே?
— வாசகர், அருவங்காடு

பதில்: தடை உண்டு, அதுவும் உங்கள் ஊரில் நிச்சயமாக உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலையின் மதிலோரத்திலும் வெலிங்டன் ராணுவப் பகுதியிலும் நோட்டும் பென்சிலுமாக நின்று வழிகளைக் குறித்தால், காவலர் விசாரிப்பதில் வியப்பில்லை, அவ்விடங்களைத் தவிர்த்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளில் அதிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் காட்டெருமையும் கரடியும் நடமாடுகின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஓசைகளைக் கேட்கும் பயிற்சியை வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.