பெட்டியில் எழுதிய எடையும் கையில் தூக்கும் எடையும்

கேள்வி: காற்றில் சாய்ந்த மரங்களையும் காய்ந்த கிளைகளையும் விறகாகத் துண்டு போடுவதற்கு, ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் எனக்குச் சங்கிலி ரம்பம் தேவைப்படுகிறது. வயது அறுபதைத் தாண்டிவிட்டதால் கனமான இயந்திரத்தைத் தூக்க இயலவில்லை. மேற்புறத்தில் கைப்பிடி வைத்த மிகச் சிறிய ரம்பம் ஒன்றைப் பார்த்தேன். அது போதுமா, வேறு எதையாவது வாங்கலாமா?

பதில்: அந்தச் சிறிய ரம்பம் வேண்டாம். கயிறு கட்டி மரத்தின் மேல் நின்று கிளை கழிக்கும் பயிற்சி பெற்றவர்களுக்காக உருவான வகை அது. இரண்டு பிடிகளும் நெருங்கியிருப்பதால், பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டின், நுனியில் மேற்பாதி எதிலாவது பட்டு ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும்போது, அதை அடக்கும் பிடிமானம் கைகளுக்குக் கிடைக்காது. தரையில் நின்று விறகு அறுப்பவருக்குப் பின்கைப்பிடி உள்ள ரம்பமே உரியது. அப்படித் துள்ளும்போது செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எடையைப் பொறுத்தவரை ஒரு சிறு சூது உண்டு. பெட்ரோல் ரம்பங்களின் பெட்டியில் அச்சிடப்படும் எடை, பெரும்பாலும் பாரும் செயினும் பொருத்தாத, பெட்ரோலும் ஆயிலும் ஊற்றாத வெறும் இயந்திரத்தின் எடையாகவே இருக்கும். 4 கிலோ என்று படித்து வாங்கியதை எல்லாம் பூட்டி நிரப்பித் தூக்கினால் 5 கிலோவை எட்டிவிடும். பேட்டரி ரம்பங்களிலும் பேட்டரியைச் சேர்த்துச் சொன்ன எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல சோதனை, பாரையும் செயினையும் பூட்டச் சொல்லி, இடுப்பு உயரத்தில் இரு கைகளாலும் இரண்டு நிமிடம் கிடையாகப் பிடித்துப் பார்ப்பது. ரம்பத்தின் மூக்கு தானாகத் தாழ்ந்துகொண்டே வந்தால், உங்களுக்கு அந்தப் பார் நீளம் அதிகம்.

உங்கள் வேலைக்கு 12 அங்குலப் பார் போதும். 14 அங்குலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. பாரைவிடச் சற்றுத் தடித்த கட்டையைக்கூட ஒருபுறம் அறுத்து, பின் உருட்டிவிட்டு மறுபுறம் அறுத்து முடித்துவிடலாம்.

பெட்ரோலா பேட்டரியா என்றால், எப்போதாவது மட்டும் எடுப்பவருக்கு நான் பேட்டரியையே சொல்வேன். சிறிய டூ ஸ்ட்ரோக் ரம்பங்கள் பெரும்பாலும் கெடுவது உழைத்து அல்ல, சும்மா கிடந்து. மாதக்கணக்கில் டேங்கில் தேங்கிய பெட்ரோல் பிசுபிசுத்து கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிட, அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் நோகும். பகல் முழுக்க அறுக்க வேண்டியிருந்தாலோ, சார்ஜ் செய்ய வசதியில்லாத இடமாக இருந்தாலோ 30 முதல் 35 சிசி வரையிலான பெட்ரோல் ரம்பம் ஏற்றது. அதற்குப் பொதுவாக லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் என்ற கணக்கில், அவ்வப்போது தேவையான அளவு மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து வையுங்கள். எந்த வகையானாலும் செயினுக்கான ஆயிலைத் தனியாக ஊற்ற வேண்டும். பேட்டரி ரம்பத்துக்கு அது தேவையில்லை என்று எண்ணிப் பாரைத் தேய்த்துக் கெடுப்பவர்கள் உண்டு.

எடை குறைந்த ரம்பத்தின் பலம் செயினின் கூரில்தான் இருக்கிறது. கூர் நன்றாக இருந்தால் மரம் சீவல் சீவலாகத் தெறிக்கும், ரம்பம் தன் எடையிலேயே கட்டைக்குள் இறங்கும். மாவு போல் பொடி உதிர்ந்து, நீங்கள் அழுத்த வேண்டி வந்தால், உடனே நிறுத்தி அரம் போடுங்கள். மண்ணில் ஒரு முறை உரசினாலே கூர் போய்விடும். இந்த அளவு ரம்பங்கள் பலவற்றுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் பொருந்தும், எனினும் கையேட்டில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ரம்பத்தோடு தலைக்கவசம், முகத்திரை, காதடைப்பு, செயின்சா பேன்ட் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். அந்தப் பேன்ட்டின் உள்ளே அடுக்கியுள்ள நீண்ட இழைகள், செயின் துணியைக் கிழித்த கணத்தில் வெளியே இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு அதன் ஓட்டத்தை அடக்கப் பார்க்கும். சாதாரணத் துணியில் அந்த இழைகள் இல்லை.