50 சதவீத கூலிங் பேப்பர் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். புதிதாக வாங்கிய காரில் பக்கக் கண்ணாடி வழியாகக் குழந்தையின் முகத்தில் வெயில் அடிக்கிறது. "50 சதவீத பிலிம் ஒட்டலாம், கேரளத்தில் நீதிமன்றமே அனுமதித்துவிட்டது" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? அப்பாவின் பழைய காரில் பின்கண்ணாடியில் கறுப்பு பிலிம் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டுமா?

பதில்: ஒட்டாதீர்கள். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஆனால் நாளை அபராதம் கட்டப்போவது அவரல்ல, நீங்கள்.

50 என்ற எண் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆவது விதியில் இருக்கிறது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தை உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதத்தை விட வேண்டும். இது கடையில் விற்கும் பிலிமின் அளவு அல்ல, கண்ணாடியின் அளவு. உங்கள் காரின் பக்கக் கண்ணாடி லேசான பச்சைச் சாயலோடு தொழிற்சாலையிலிருந்தே வந்திருக்கும். அது 75 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத பிலிமை ஒட்டினால் 75-இல் பாதி, அதாவது 37.5 சதவீதம்தான் மிஞ்சும். 70 சதவீத பிலிம் என்றால் 52.5, மயிரிழையில் தேறும். அதையே முன்கண்ணாடியில் ஒட்டினால் தேறாது. இந்தப் பெருக்கல் கணக்கைச் சொல்லாமல், சுருளில் அச்சிட்ட எண்ணை மட்டும் காட்டி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 27 ஏப்ரல் 2012 அன்று தீர்ப்பளித்தது. கண்ணாடி தயாராகி வரும்போதே அந்த அளவோடு இருக்க வேண்டும், பிறகு அதன்மேல் எந்தச் சதவீத கறுப்பு பிலிமையும், வேறு எந்தப் பொருளையும் ஒட்டக் கூடாது என்றது. 4 மே முதல் தடை நாடெங்கும் அமலுக்கு வந்தது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பின்னர் 100-ஆவது விதி திருத்தப்பட்டது. 1 ஏப்ரல் 2021 முதல், உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடிக்கும் விதியில் இடம் கிடைத்தது. இதை வைத்தே, 70, 50 அளவுகளுக்கு உட்பட்ட பிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். நகரேஷ் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். கடைக்காரர் சொல்வது இதைத்தான். அது கேரள அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். மதுரையில் உங்களை நிறுத்தும் காவலர் 2012 தீர்ப்பைத்தான் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம் விழும். பிலிமை அங்கேயே கிழிக்கவும் செய்வார்கள். சாலையோரத்தில் நின்று சட்டத் திருத்தத்தை விளக்கிக்கொண்டிருக்க, குழந்தையோடு போகிறவருக்கு ஏது நேரம்?

குழந்தைக்கு என்ன செய்வது? வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. ஆகவே கண்ணாடி கறுப்பாக இருப்பதாலேயே கார் குளிர்ந்துவிடாது. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குள் வெள்ளி நிறத் தடுப்பை விரித்து வையுங்கள். கிளம்பும்முன் நான்கு கதவுகளையும் ஒரு நிமிடம் திறந்துவிட்டு, பிறகு ஏசியைப் போடுங்கள். காலையில் வடக்கு நோக்கிப் போனால் வெயில் வலப்புறம் விழும். குழந்தையின் இருக்கையை இடப்புறம் மாற்றுங்கள். ஒட்டி எடுக்கும் வலைத் தடுப்பை ஓடும் காரில் வைக்காதீர்கள். "வேறு எந்தப் பொருளும்" என்ற சொற்களைக் காட்டி அதற்கும் அபராதம் கேட்க இடமிருக்கிறது.

அப்பாவின் காரிலுள்ள பிலிமை எடுத்துவிடுங்கள். பின்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய கோடுகள் ஓடினால் அவை பனிமூட்டத்தைப் போக்கும் மின்கம்பிகள். பிளேடால் சுரண்டினால் அறுந்துவிடும். நீராவி காட்டி மெதுவாக உரித்துத் தரச் சொல்லுங்கள்.