சுவரும் வியாபாரமும்

ஐயா, வணக்கம்.

பெர்லின் சுவரைப் பற்றித் தாங்கள் எழுதியதை வைத்து எங்கள் சங்கத்தில் ஒரு வாக்குவாதம். மேற்கு நாடுகள் வணிகத்தடை போட்டுக் கழுத்தை நெரித்ததால்தான் கிழக்கு ஜெர்மனி விழுந்தது என்கிறார் மூத்த தோழர் ஒருவர். சுவர் எழும்பிய பிறகு இரண்டு ஜெர்மனிகளுக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது என்றும் சொல்கிறார். சரிதானா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

தடை இருந்தது உண்மை. அமெரிக்காவும் கூட்டாளிகளும் நடத்திய ‘கோகாம்’ குழு, எந்த இயந்திரத்தை, எந்தக் கணினியைக் கம்யூனிச நாடுகளுக்கு விற்கக்கூடாது என்று 1994 வரை பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. அதனால் கிழக்கு ஜெர்மனி மின்னணுச் சில்லுகளைத் தானே செய்யக் கிளம்பி ஏராளமான பணத்தைக் கொட்டியது. தோழர் பக்கம் இவ்வளவு நியாயம் உண்டு. கொடுக்கல் வாங்கலே இல்லை என்பதுதான் தப்பு.

இரண்டு ஜெர்மனிகளும் 1951இல் ஒரு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டன. பணம் கைமாறாது, இருபக்க மத்திய வங்கிகளிலும் வரவு செலவு எழுதிக்கொள்வார்கள். நாம் சோவியத்துடன் ரூபாயில் நடத்திய வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கிழக்கின் கணக்கில் துண்டு விழுந்தால் மேற்கு வட்டியில்லாமல் பொறுத்துக்கொள்ளும். அந்த வரம்பு பின்னாளில் 85 கோடி மார்க் (ஜெர்மன் நாணயம்) வரை போனது. போதாததற்கு, 1957 ரோம் ஒப்பந்தத்தில், இவ்விரு நாடுகளின் வணிகம் உள்நாட்டு வணிகமே, சுங்கவரி கிடையாது என்று மேற்கு ஜெர்மனி எழுதி வாங்கிக்கொண்டது. 1961 ஆகஸ்டில் சுவர் எழும்பியது. ஒப்பந்தம் ரத்தாகவில்லை.

இன்னும் சொல்லப்போனால், ஆள் தாண்ட முடியாத அந்த எல்லையையே கிழக்கு ஜெர்மனி விற்றுக் காசு பார்த்தது. 1980 அக்டோபர் முதல், உறவினரைப் பார்க்க வரும் மேற்கத்தியர் நாளொன்றுக்கு மேற்கின் 25 மார்க்கைக் கிழக்கின் பணமாக ஒன்றுக்கு ஒன்று மாற்றியாக வேண்டும், திருப்பித் தரமாட்டார்கள். கிழக்கு ஜெர்மனிக்குள் புகுந்து மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலைகளுக்கு மேற்கு அரசு ஆண்டுதோறும் மொத்தமாகக் கட்டணம் கட்டியது. எல்லையை ஒட்டிய ஷோன்பெர்க்கில் 1979இல் ஒரு குப்பைக்கிடங்கு திறந்தார்கள். மேற்கின் நச்சுக் கழிவு லாரி லாரியாக அங்கே போனது, கூலி மேற்கின் மார்க்கில்.

எல்லாவற்றிலும் விலை உயர்ந்த சரக்கு மனிதர்கள். 1963 முதல் 1989 வரை 33,000க்கும் மேற்பட்ட அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனி விலைகொடுத்து மீட்டது. தொடக்கத்தில் ஆளுக்கேற்ற விலை; படித்தவருக்குக் கூடுதல், ஏனென்றால் அவரைப் படிக்கவைத்த செலவு அரசுக்கு நட்டமாம். 1977 முதல் எல்லோருக்கும் ஒரே விலை: தலைக்கு 95,847 மார்க். அந்தக் கடைசி 847 என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து கூட்டிக் கழித்திருக்கிறார். பெரும்பாலும் ரொக்கமாகத் தரமாட்டார்கள். புராட்டஸ்டன்ட் திருச்சபை வழியாகக் காப்பிக்கொட்டை, செம்பு, எண்ணெய் என்று கணக்கில் ஏறும். அதிலும் பலவற்றைக் கிழக்கு அரசு உலகச் சந்தையில் தள்ளிவிட்டுக் காசாக்கிக்கொண்டது. கைதிகளை ஏற்றிவந்த பேருந்துகளில் சுழலும் எண்பலகை வைத்திருந்தார்கள். கிழக்கில் ஓடும்போது கிழக்கின் எண், எல்லையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேற்கின் எண்.

இனி கழுத்தை நெரித்த கதை. 1980களின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனி கடன் தவணை கட்ட முடியாமல் தள்ளாடியது. மாஸ்கோவோ தான் தரும் எண்ணெயில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டன்னைக் குறைத்துவிட்டது. 1983இல் 100 கோடி மார்க் கடனுக்கு முன்னின்றவர் யார் தெரியுமா? பவேரிய மாநில முதல்வர் ஃபிரான்ஸ் யோசஃப் ஸ்ட்ராஸ். கம்யூனிஸ்ட் என்றாலே ஆகாதவர் அவர். கோபித்துக்கொண்டு அவர் கட்சியிலிருந்தே சிலர் வெளியேறித் தனிக்கட்சி கண்டார்கள். மறு ஆண்டு இன்னும் 95 கோடி. எல்லை வேலியில் தானாகச் சுடும் கருவிகள் 1984க்குள் அகற்றப்பட்டதை இந்தக் கடனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே, தோழர் காரணம் தேடினால் கோகாம் பட்டியலுக்கு முன் கடன் கணக்கைப் புரட்டட்டும். சுவர் விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு, திட்டக்குழுத் தலைவர் கெர்ஹார்ட் ஷூரர் தயாரித்த அறிக்கை கட்சியின் உச்சக்குழுவான பொலிட்பீரோ முன் வந்தது. கடன் மேலும் ஏறாமல் நிறுத்த வேண்டுமென்றாலே 1990இல் மக்களின் வாழ்க்கைத் தரத்தை 25 முதல் 30 சதவீதம் குறைக்க வேண்டியிருக்கும், அப்படிச் செய்தால் நாட்டை ஆள முடியாது என்று அதில் எழுதியிருந்தது. எழுதியது அவர்களுடைய கட்சிக்காரர்தான்.

அன்புடன்.