‘வக்கீலுக்குப் படித்து எம்.எல்.ஏ. ஆவேன்’ என்கிறாள் மகள்: ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் அப்பா ஒன்றியக் கவுன்சிலராக ஊருக்கு ஓடி ஓடி உழைத்து, கடைசியில் தோட்டத்தையும் விற்றவர். அதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, பிளஸ் டூ முடித்த கையோடு மகள் “வக்கீலுக்குப் படித்து எம்.எல்.ஏ. ஆவேன்” என்றதும் தூக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை. தாத்தாவின் பெயர் அவளுக்கு உதவுமா, பெண்பிள்ளைக்கு இது சரிவருமா, சோறு போடுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் திருச்செங்கோடு பக்கம் என்பதால், உங்கள் பக்கத்துக் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப.சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவர். அவரும் சட்டம் படித்தவர். அவர் மகன் மோகன் குமாரமங்கலம் 1916இல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்து, 1938இல் அங்கே ‘யூனியன்’ என்ற மாணவர் விவாத மன்றத்தின் தலைவராக இருந்து, பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். இவ்வளவு பெரிய பெயர் இருந்தால் அடுத்த தேர்தலிலேயே சீட்டு என்று நாம் நினைப்போம். அவரோ கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். ஆங்கில அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகப் போடப்பட்ட சென்னைச் சதி வழக்கில், கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி முதலானவர்களோடு கைதாகிச் சிறைக்குப் போனார். அப்புறம் சென்னையில் வழக்கறிஞர் தொழில். 1966இல் அட்வகேட் ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர். காங்கிரசுக்கு வந்து, புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குள் அவர் நுழைந்தது 1971இல். அப்போது அவருக்கு வயது 54.

இந்த 54 என்ற எண்ணை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். முதல் அமைச்சரின் மகனுக்கே அவ்வளவு காலம் ஆனது. அதைவிட முக்கியம், அந்த வருடங்கள் வீணாகவில்லை. எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானதும் அவர் முன்னால் நின்றது நிலக்கரிச் சுரங்கங்களை அரசுடைமையாக்கும் வேலை. அரசு நேரே உடைமையில் கை வைக்கவில்லை. 1971 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு, எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கோக் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டது. உடைமை மாறியது 1972 மே மாதம், தனிச் சட்டத்தின் வழியாக. மற்ற சுரங்கங்களுக்கும் 1973இல் இதே இரண்டு படி. முதலில் தடையுத்தரவு வாங்கிப் பொருளைக் காப்பாற்றிக்கொண்டு, பிறகு பிரதான வழக்கை நடத்துகிற வக்கீலின் கை இதில் தெரிகிறது. சட்டம் படித்தவர் சட்டமன்றத்துக்குப் போவதால் என்ன லாபம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அதே திறமையால் அவர் செய்த ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. 1973 ஏப்ரலில் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது, அரசுக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர் மோகன்தான். நன்றாகவே வாதாடினார். ஆனால் அது நீதிமன்றத்துக்கு நேர்ந்த காயம் என்றே நான் நினைக்கிறேன். நல்ல வாதம் எந்தப் பக்கத்துக்கும் போகும் என்பதை உங்கள் மகள் இந்த வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும். அடுத்த மாதமே, மே 31ஆம் தேதி, டெல்லிக்கு அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். மக்களவையில் அவர் இருந்தது இரண்டு வருடம் சொச்சம்.

அவர் மகன் ரங்கராஜனும் வழக்கறிஞர், தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர். 1984இல் 32 வயதில் சேலம் எம்.பி. பின்னாளில் பாரதிய ஜனதாவில் சேர்ந்து, 1998இல் திருச்சியில் ஜெயித்து, மத்திய மின்துறை அமைச்சரானார். மூன்று தலைமுறையில் கட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன, சட்டப் படிப்பு மட்டும் கூடவே வந்தது. ஆகவே தாத்தாவின் பெயர் உதவுமா என்றால், நாலு பேர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்க உதவும். அதற்குமேல் அவள் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும்.

பெண்பிள்ளை விஷயம். அந்த வீட்டிலேயே மோகனின் அம்மா ராதாபாய் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், 1938இல் டெல்லி மேலவைக்கு வந்த முதல் பெண். மோகனின் தங்கை பார்வதி கிருஷ்ணன் கோவை எம்.பி.யாக இருந்தவர். இதற்குமேல் நான் என்ன சொல்ல!

சரி, படிப்புக்கு வருவோம். அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நுழைவுத் தேர்வு இல்லை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சேலத்தில் கிடைத்தால் சேலத்திலேயே சேருங்கள், கடன் வாங்கி வெளி மாநிலத் தனியார் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம். முடித்ததும் வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் பதிவு, பிறகு அகில இந்திய பார் தேர்வு.

கஷ்டம் அதற்குப் பிறகான மூன்று, நான்கு வருடம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சீனியரும் தருவதில்லை. அந்தக் காலத்துக்கு வீட்டிலிருந்து கொஞ்சம் பணம் போகத்தான் செய்யும், இப்போதே ஒதுக்கி வையுங்கள். காலையில் கேஸ் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும், சீனியர் வேறு ஹாலில் மாட்டிக்கொண்டால் எழுந்து, வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கும்படி ‘பாஸ் ஓவர்’ கேட்க வேண்டும், வாய்தா தேதியைக் குறிக்க வேண்டும். சாயங்காலம் கட்சிக்காரர்கள் வருவார்கள். பட்டா மாற்ற தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்த ஓர் அம்மா, துணிப்பையிலிருந்து மடித்த காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் வைப்பார். அதில் எந்தக் காகிதம் பேசும், எந்தப் பிரிவு அந்த அம்மாவை அலைய விட்டது என்று கண்டுபிடிக்கப் பழகியவள்தான் நாளைக்குச் சட்டமன்றத்தில் ஒரு சட்ட முன்வடிவை வரிவரியாகப் படிப்பாள். வக்கீலுக்கும் ‘கட்சிக்காரர்’, அரசியலிலும் ‘கட்சிக்காரர்’. முதலாமவரிடம் அவள் பத்து வருடம் பாடம் கேட்கட்டும்.

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது, உள்ளாட்சிக்கு 21. எம்.எல்.ஏ. ஆனாலும் வக்கீல் தொழிலை விட வேண்டியதில்லை, உச்ச நீதிமன்றம் 2018இல் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தோற்றாலும் மறுநாள் காலையில் போக அவளுக்கு ஒரு கோர்ட் இருக்கும். உங்கள் அப்பாவுக்கு அது இல்லாமல் போனது. நடுவில் மனம் மாறினால், மூன்று வருடப் பயிற்சிக்குப் பிறகு சிவில் நீதிபதி தேர்வும் எழுதலாம்.

மே விடுமுறை முடிந்து ஜூனில் கோர்ட் திறந்ததும், மகளைத் திருச்செங்கோடு நீதிமன்றத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், பின்வரிசையில் உட்காரலாம். ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணை முழுவதையும் இருவரும் பாருங்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் என்ன பேசினாள் என்று எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்வோம்.