இரண்டு மின்கார், ஒரு கடன்: கூடுதல் விலை எதற்குப் போகிறது?

கேள்வி: சிறிய மின்கார் வாங்கப் போகிறேன். 2024-ல் வந்த டாசியா ஸ்பிரிங் (26.8 யூனிட் பேட்டரி, 30 கிலோவாட் வேக சார்ஜிங்) கையிருப்புப் பணத்திலேயே வாங்கிவிடலாம். ரெனோ 5 (52 யூனிட், 100 கிலோவாட்) அதைப்போல் ஒன்றரை மடங்கு விலை, மிச்சத்துக்குக் கடன்தான். மாதம் 25 நாள், நாளுக்கு 50 கி.மீ. ஓட்டம். மாதம் இரண்டு முறை 200 கி.மீ. தள்ளியுள்ள ஊருக்குப் போய்வர வேண்டும். வீட்டிலும் அந்த ஊரிலும் இரவில் சார்ஜ் போடலாம். சார்ஜிங் வேகமும் ரேஞ்சும் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) கடன் வாங்கும் அளவுக்கு முக்கியமா?

பதில்: முதலில் 50 கி.மீ. கணக்கை முடித்துவிடுவோம். நகர ஓட்டத்தில் சிறிய மின்கார் 100 கி.மீ.க்கு 14 யூனிட் கேட்கும் என்று வைத்தால், நாளுக்கு 7 யூனிட். சாதாரண 10 ஆம்பியர் பிளக்கில் 2.3 கிலோவாட் வரும், அதாவது மணிக்கு 2.3 யூனிட். சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்தால்கூட மூன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இந்த ஓட்டத்துக்கு இரண்டு காருமே தேவைக்கு மேல். ஆகவே கடன் கேள்வி முழுவதும் அந்த 200 கி.மீ. பயணத்தைப் பற்றியதுதான்.

விளம்பரத்தில் வரும் 30, 100 என்பவை உச்ச வேகம். அந்த வேகம் சில நிமிடம்தான் நிற்கும். பேட்டரி நிரம்ப நிரம்ப இறங்கிவிடும். சராசரியை நீங்களே எடுக்கலாம். ஸ்பிரிங் 20-லிருந்து 80 சதவீதம் ஏற 45 நிமிடம் என்று நிறுவனம் சொல்கிறது. பயன்படும் பேட்டரி சுமார் 25 யூனிட். அதில் 60 சதவீதம் 15 யூனிட். சராசரி 20 கிலோவாட். ரெனோ 15-லிருந்து 80-க்கு 30 நிமிடம்: 33.8 யூனிட், சராசரி 67 கிலோவாட் சொச்சம். ஒருவர் 20-லிருந்து, இன்னொருவர் 15-லிருந்து கணக்கைத் தொடங்குவதைக் கவனியுங்கள். நிமிடத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் காற்றுத் தடை செலவை ஏற்றிவிடும். நீளம் குறைந்து உயரமாக இருக்கும் சிறிய கார்களுக்கு இது இன்னும் உறைக்கும். ஸ்பிரிங்குக்கு 100 கி.மீ.க்கு 17.5, ரெனோவுக்கு 19 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பத்து நிமிடச் சார்ஜிங்கில் ஸ்பிரிங்குக்குக் கிடைப்பது 20 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ரெனோவுக்கு 60-க்குச் சற்றுக் குறைவு. கார்களை ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான எண் இது ஒன்றுதான். ஏனோ பல கையேடுகளில் இதைப் போடுவதில்லை.

இனி உங்கள் பயணம். 200 கி.மீ.க்கு ரெனோ 38 யூனிட் செலவழிக்கும்; எங்கும் நிற்காமல் போய்ச் சேரலாம். ஸ்பிரிங்குக்கு 35 யூனிட் வேண்டும், கையில் இருப்பதோ 25. பத்து சதவீதம் மிச்சத்தோடு போய்ச் சேர வேண்டுமானால் நடுவழியில் 12.5 யூனிட் ஏற்ற வேண்டும்: 37 நிமிடம். மாதம் நான்கு முறை. அதாவது கூடுதல் விலை கொடுத்து நீங்கள் வாங்குவது மாதத்துக்கு இரண்டரை மணி நேரக் காத்திருப்பிலிருந்து விடுதலை. வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

‘சின்னக் கார் கரண்ட்டையாவது மிச்சம் பிடிக்குமே’ என்று தோன்றும். உங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 24,600 கி.மீ. நூறு கி.மீ.க்கு ஒன்றரை யூனிட் வித்தியாசம் என்றால் மிச்சம் சுமார் 370 யூனிட். ஆனால் ஸ்பிரிங் ஆண்டுக்கு 600 யூனிட்டைப் பொதுச் சார்ஜரில் வாங்குகிறது. அங்கே யூனிட் விலை வீட்டைப்போல் மூன்று மடங்கு என்றால், கூடுதலாகக் கொடுப்பது 1,200 வீட்டு யூனிட்டுக்கான பணம்! சிக்கனமான கார்தான் ஓட்டச் செலவில் தோற்கிறது. எத்தனை யூனிட் குடிக்கிறது என்பதைவிட அதை எங்கே குடிக்கிறது என்பதே பில்லைத் தீர்மானிக்கும்.

அப்படியும் கடனை அது நியாயப்படுத்தவில்லை. நிகர வித்தியாசம் ஆண்டுக்கு சுமார் 830 யூனிட். உங்கள் வீட்டுக் கட்டணத்தால் அதைப் பெருக்குங்கள். ஐந்தாண்டுக் கடன், 9 சதவீத வட்டி என்றால் வட்டி மட்டுமே கடன் தொகையில் கிட்டத்தட்ட கால் பங்கு. மின்சார மிச்சம் அந்த வட்டியை எட்டுவதே கடினம். அசல் அப்படியே நிற்கும்.

எனவே ஸ்பிரிங் வாங்குங்கள், கடன் வேண்டாம். ஆனால் அதில் வேக சார்ஜிங் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் வசதி. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத கார் உங்கள் பயணத்துக்கு உதவாது, பின்னால் விற்கும்போதும் விலை அடிபடும். பயணம் வாரம் ஒருமுறை ஆகிவிட்டாலோ, வழியில் ஒரே ஒரு சார்ஜர்தான் இருந்தாலோ என் பதில் மாறும். அந்த ஒன்று பழுதானால் ஸ்பிரிங்குக்கு மாற்று வழி இல்லை.

பேட்டரி தேய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களின் உத்தரவாதம் எட்டு ஆண்டு, 1,60,000 கி.மீ., 70 சதவீதத் திறன் என்ற அளவில் இருக்கிறது. உங்கள் காருக்கும் அதே அளவு என்றால், உங்கள் ஓட்டத்தில் ஆறரை ஆண்டிலேயே கிலோமீட்டர் முடிந்துவிடும். 25 யூனிட் 17.5 ஆகத் தேய்ந்தாலும் தினசரி 50 கி.மீ.க்குக் கவலையில்லை, 200 கி.மீ. பயணத்தில் ஒரு நிறுத்தம் இரண்டாகும். கடுங்குளிரில் ரேஞ்ச் கால் பங்கு குறையலாம், சார்ஜிங்கும் மந்தமாகும்.

முன்பணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். சோதனை ஓட்டத்துக்குக் காரை 30 சதவீதச் சார்ஜோடு கேட்டு, நீங்கள் வழியில் நிற்கப்போகும் அதே சார்ஜரில் செருகுங்கள். 30, 50, 70, 80 சதவீதத்தில் திரையில் எத்தனை கிலோவாட் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 30-லிருந்து 80-க்கு 40 நிமிடத்துக்கு மேல் போனால், சார்ஜர் மந்தமா கார் மந்தமா என்று இன்னொரு சார்ஜரில் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.