கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு: எங்கே வாங்குவது, யாருக்கு உதவி?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபின் பெற்றோருக்கு மனுச் செய்தேன். கும்பகோணத்திலிருந்து அவர்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பாவுக்கு 68 வயது; பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அம்மாவுக்கு 62 வயது. இரத்தக் கொதிப்பு உண்டு. என் அலுவலகக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கிடைக்கும் என்கிறார் ஒரு நண்பர். விசிட்டர் இன்ஷூரன்ஸ் போதும் என்கிறார் இன்னொருவர். கிரீன் கார்டு இன்னும் தபாலில் வரவில்லை. நானும் மனைவியும் சேர்ந்து ஆண்டுக்கு 1,30,000 டாலர் சம்பாதிக்கிறோம். அப்பாவுக்கு ஊரில் வைப்புத்தொகை வட்டியாக ஆண்டுக்கு 2.4 லட்சம் ரூபாய் வருகிறது. அம்மாவுக்கு வருமானம் இல்லை. அரசு உதவி ஏதாவது கிடைக்குமா?

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து குடிவந்தவர்களுக்கு மார்க்கெட்பிளேஸ் எனப்படும் காப்பீட்டுச் சந்தையில் சேர 60 நாள் சிறப்புக் காலம் உண்டு. உங்களுக்கு அதில் மூன்று வாரம் கரைந்துவிட்டது. இதைத் தவறவிட்டால், நவம்பர் 1-ஆம் தேதி தொடங்கும் பொதுச் சேர்க்கைக்காகக் காத்திருக்க வேண்டும். அதில் சேர்ந்தாலும் காப்பீடு ஜனவரியில்தான் தொடங்கும். சர்க்கரை நோயுள்ள 68 வயதுக்காரரை அதுவரை காப்பீடு இல்லாமல் வைத்திருப்பது பெரிய ஆபத்து. மற்ற வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

மெடிகேர் பற்றி நண்பர் சொன்னது பாதி உண்மை. பிரீமியம் இல்லாத மெடிகேர், தாமோ துணைவரோ இந்த நாட்டில் ஏறக்குறைய பத்தாண்டு வேலை செய்து வரி கட்டியவர்களுக்கு. பணம் கட்டி வாங்குவதென்றாலும் கிரீன் கார்டோடு ஐந்தாண்டு தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். ஆகவே இப்போது அப்பாவுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. அதே காரணத்தால்தான் 65-ஐத் தாண்டியும் அவர் மார்க்கெட்பிளேஸில் சேர முடிகிறது. குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கும் கிரீன் கார்டுதாரர்கள் பொதுவாக ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

விசிட்டர் இன்ஷூரன்ஸ் விற்பவர்கள் முன்பே இருந்த நோய்களுக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் வந்தாலும் நெஞ்சுவலி வந்தாலும், பழைய நோயின் விளைவு என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ் வரும் மார்க்கெட்பிளேஸ் திட்டங்கள் அப்படிச் செய்ய முடியாது. நோயைக் காட்டிச் சேர்க்க மறுக்கவோ கூடுதல் பிரீமியம் கேட்கவோ அவற்றுக்கு அனுமதி இல்லை. வயதுக்காகக் கேட்கலாம், அதுவும் 21 வயதுக்காரர் கட்டுவதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக்கூடாது. மார்க்கெட்பிளேஸ் காப்பீடு தொடங்கும் தேதிவரையிலான சில வாரங்களுக்கு மட்டும் தற்காலிகப் பாலிசி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு வரவில்லையே என்ற கவலை வேண்டாம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விமான நிலையத்தில் முத்திரை குத்தியபின் அந்தத் தாளே ஓராண்டுக்கு நிரந்தரக் குடியிருப்புச் சான்றாகச் செல்லும் என்று அதில் அச்சிட்டிருக்கும். முத்திரையும் தேதியும் தெளிவாகத் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பதிவேற்றினால் போதும். சமூகப் பாதுகாப்பு எண் இன்னும் வராவிட்டாலும் விண்ணப்பிக்கலாம், வந்ததும் சேர்த்துவிடுங்கள்.

இனி உதவிப் பணத்துக்கு வருவோம். நம் ஊரில் ரேஷன் அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தாம் ஒரு குடும்பம். இங்கே அந்த இடத்தில் இருப்பது வருமான வரிப் படிவம். ஒரே கூரையின் கீழ் வாழ்வதையோ ஒரே அடுப்பில் உண்பதையோ மார்க்கெட்பிளேஸ் பார்ப்பதில்லை; யார் யாரைத் தம் வரிப் படிவத்தில் காட்டுகிறார் என்பதைத்தான் பார்க்கிறது. பெற்றோரை அழைக்க நீங்கள் கையெழுத்திட்ட ஆதரவுப் பத்திரத்துக்கும் இந்தக் கணக்கில் வேலை இல்லை. ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன.

பெற்றோர் தனிக் குடும்பமாக நின்றால், இருவர் குடும்பத்துக்கான வறுமைக்கோடு 21,150 டாலர். 2026-ஆம் ஆண்டுக் காப்பீட்டுக்கு இந்த 2025-ஆம் ஆண்டு அளவுதான் பயன்படுகிறது. டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அப்பாவின் வட்டி 2,667 டாலர்தான். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மெடிகெய்டு கிடைக்காத குடியேறிகளுக்கு, பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் வரிச் சலுகை முன்பு இருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை 2026 தொடக்கத்திலிருந்து நீக்கிவிட்டது. கையில் காசே இல்லாதவருக்கு உதவி இல்லை, ஓரளவு இருப்பவருக்கு உண்டு என்கிற இந்த ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. ஆனாலும் சட்டம் இன்று இதுதான். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் முழுப் பிரீமியமும் உங்கள் தலையில் விழும்.

அடுத்த வழி, பெற்றோரை உங்களைச் சார்ந்தவர்களாக உங்கள் வரிப் படிவத்தில் காட்டுவது. அதற்கு அவர்களின் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்க வேண்டும். ஒவ்வொருவரின் மொத்த வருமானமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். 2025-இல் அந்த வரம்பு 5,200 டாலர். அப்பா அதற்குள் அடங்குகிறார். அப்போது உங்கள் குடும்பம் ஆறு பேர். வறுமைக்கோடு 43,150 டாலர். உங்கள் வருமானம் அதைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். இந்த அளவில் இருப்பவர்கள் 2026-இல் வருமானத்தில் 9.96 விழுக்காட்டைத் தம் பங்காகக் கட்ட வேண்டும். உங்களுக்கு அது ஆண்டுக்கு 12,948 டாலர், மாதம் 1,079 டாலர். உதவியைக் கணக்கிட அளவுகோலாக இருப்பது உங்கள் பகுதியில் சில்வர் என்ற நடுத்தர வகையில் இரண்டாவது மலிவான திட்டம். அது பெற்றோர் இருவருக்கும் சேர்த்து மாதம் 2,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,079 போக மீதி 921 டாலரை அரசு நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டிவிடும். உண்மையான பிரீமியத்தை ஹெல்த்கேர் டாட் கவ் தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டையும் பெற்றோரின் வயதையும் கொடுத்து இன்றே பார்க்கலாம். உங்கள் நிலையில் நான் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆறு பேர் குடும்பத்துக்கு உதவியின் உச்சவரம்பு 172,600 டாலர், அதாவது வறுமைக்கோட்டைப்போல் நான்கு மடங்கு. 2021 முதல் 2025 வரை இந்த வரம்பு தளர்த்தப்பட்டிருந்தது. இப்போது திரும்ப வந்துவிட்டது. ஆண்டு நடுவில் உங்கள் மனைவிக்குப் பெரிய வேலை கிடைத்தோ, போனஸும் பங்குகளும் சேர்ந்தோ வருமானம் வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும், அதுவரை அரசு கட்டிய தொகை முழுவதையும் வரிப் படிவத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். வரம்புக்குள் வருமானம் கூடினாலும் அதற்கேற்ற பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். திருப்பிக் கட்டுவதற்கு இருந்த உச்சவரம்பையும் அந்த 2025 ஜூலைச் சட்டமே 2026-ஆம் வரியாண்டிலிருந்து எடுத்துவிட்டது. வருமானம் மாறினால் உடனே தளத்தில் திருத்துங்கள். வரம்பை நெருங்கினால் உங்கள் 401(கே) ஓய்வுச் சேமிப்பில் வரிக்கு முந்தைய பணத்தைக் கூடுதலாகப் போடுங்கள். அந்தத் தொகை இந்தக் கணக்கில் வருமானமாகச் சேராது. கும்பகோணத்து வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் வரி ஆலோசகரைக் கேளுங்கள். விற்ற லாபத்தால் அப்பா 5,000 சொச்சம் வரம்பைத் தாண்டிவிட்டால், அந்த ஆண்டு அவரை உங்களைச் சார்ந்தவராகக் காட்ட முடியாது.

விண்ணப்பத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காப்பீடு பெற்றோருக்குத்தானே என்று அவர்கள் இருவரின் பெயரை மட்டும் எழுதிவிடுவார்கள். ஆறு பேரையும் எழுதுங்கள். வரி தாக்கல் செய்பவர் நீங்கள், உங்களைச் சார்ந்தவர்கள் யார் யார் என்று காட்டுங்கள். காப்பீடு வேண்டும் என்ற கட்டத்தில் மட்டும் பெற்றோர் இருவரையும் குறியுங்கள்.

திட்டம் தேர்ந்தெடுக்கும்போது பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) என்ற மலிவு வகையைக் கண்டு மயங்க வேண்டாம். சராசரியாகச் செலவில் பிரான்ஸ் 60 விழுக்காட்டையும் சில்வர் 70-ஐயும் கோல்டு 80-ஐயும் ஏற்கின்றன. மாதாமாதம் மருந்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் தேவைப்படும் அப்பாவுக்குக் கோல்டு விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் ஒரே திட்டத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பார்க்கப்போகும் மருத்துவர் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறாரா, அப்பா எடுக்கும் மாத்திரைகள் அதன் மருந்துப் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதற்குக் கீழே இருக்கும் மூலப்பெயரைக் கொண்டு தேடினால்தான் இங்கே கிடைக்கும்.

இந்த மாதம் முடிவதற்குள் தேர்ந்தெடுத்தால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காப்பீடு தொடங்கும். தேர்ந்தெடுத்த அன்றே முதல் மாதப் பிரீமியத்தையும் கட்டிவிடுங்கள். அது போய்ச் சேராதவரை காப்பீடு நடைமுறைக்கு வராது.